மூன்று அங்குலத்துக்காக நல்ல காலை வெட்டலாமா? வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆள் 27 வயதுப் பொடியன். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குடியேற்றக் கிராமம், ஒரு நிதி நிறுவனத்துக்காக மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் தவணைக் காசு அறவிடும் வேலை, பின்னேரங்களில் கரப்பந்து. உயரம் 160 சென்ரிமீற்றர், அதாவது 5 அடி 3 அங்குலம். காலிலோ முதுகிலோ ஒரு குறையும் இல்லை. நான் பிசியோதெரபிஸ்ட். கால் எலும்பை நீட்டி உயரம் கூட்டுகிற ஒப்பரேசனைச் செய்யலாமா வேண்டாமா என்று கேட்க அவர் என்னிடம் வரவில்லை. அது முடிவாகிவிட்டது என்ற நினைப்பில், "பிறகு பயிற்சி தர உங்களால ஏலுமோ அண்ணை?" என்று கேட்கத்தான் வந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

திட்டம் இதுதான். இந்தியாவில் ஒரு தனியார் மருத்துவமனை. இரண்டு முழங்காலுக்குக் கீழும் எலும்பை வெட்டி, எலும்புக்குள்ளே ஒரு ஆணி, வெளியே காலைச் சுற்றிக் கம்பிகளால் எலும்போடு பிணைத்த றிங், 7.5 சென்ரிமீற்றர் நீட்டுவது. 5 அடி 6 அங்குலம் ஆகிவிடலாம். செலவு இலங்கைக் காசுக்கு நாற்பது லட்சத்தைத் தாண்டும். பாதியை ரொறன்ரோவில் இருக்கும் தமையன் தருவார், மீதிக்கு இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைப்பது. வேலையிடத்தில் முதுகு வருத்தம் என்று சொல்லிச் சம்பளமில்லாத லீவு, அம்மாவுக்கும் அதே கதை. 2016 இல் ஐதராபாத்தில் ஒரு பொடியன் வீட்டுக்குச் சொல்லாமல் இதே ஒப்பரேசனுக்குப் போய், பெற்றோர் பொலிஸில் முறையிட்டுத் தேடிக் கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதையை நான் சொன்னபோது இவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது, "நான் தமையனுக்குச் சொல்லிப்போட்டுத்தானே போறன்" என்றார்.

ஏன் இப்போது என்று கேட்டேன். கலியாணம்தான். கனடாவில் இருக்கும் ஒரு பிள்ளையின் சம்பந்தம், சாதகம் பொருந்தி, படம் பார்த்து இரண்டு பக்கமும் சரி சொல்லி, பிள்ளை ஊருக்கு வந்திருந்தபோது பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். இவர் போட்டுக்கொண்டு போனது உள்ளே குதி உயர்த்திய சப்பாத்து, இரண்டு அங்குலம் கூட்டிக் காட்டும். வாசலில் நின்று பிள்ளையின் மாமாவோடு கதைக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. நம்முடைய வீடுகளில் வாசலோடு சப்பாத்தைக் கழற்றவேண்டுமே. கழற்றி உள்ளே கால் வைத்ததும் மாமாவின் பார்வை இவருடைய தலையிலிருந்து காலுக்குப் போய், பிறகு வாசலில் கிடந்த சப்பாத்துக்குப் போனதாம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது, பிள்ளையும் வந்து இருந்தது. இரண்டு நாள் கழித்துத் தரகர் போனில், "அவையள் 5 அடி 6 ஆவது எதிர்பாக்கினம்" என்றார். உயரத்தைவிட அந்தச் சப்பாத்துத்தான் சம்பந்தத்தைக் குழப்பியது என்று எனக்குத் தோன்றுகிறது, அவர் அப்படி நினைக்கவில்லை. அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதையும் குறைத்துவிட்டார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருடம் தவறாமல் போனவர், அந்த வருடம் போகவில்லை. சப்பாத்தோடு 5 அடி 5 ஆள் என்று எல்லோரையும் நம்ப வைத்த பிறகு வெறுங்காலோடு கூட்டத்துக்குள் நிற்க முடியாதுதானே.

வீட்டுக்குப் போனபோது அவருடைய அறைக் கதவு நிலையைக் காட்டினார். பென்சில் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கா, மா என்று சின்ன எழுத்து: காலை, மாலை. காலைக் கோடுகள் எல்லாம் ஒரு கூட்டம், மாலைக் கோடுகள் எல்லாம் அதற்குக் கீழே ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கி இன்னொரு கூட்டம். அது எல்லோருக்கும் நடப்பது. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், பகலில் நிற்க நடக்க அமுங்கும். இவரோ அதை நோய்போலப் பார்த்து, பின்னேரம் மோட்டார் சைக்கிள் ஓடி உயரம் "குறையுது" என்று வேலை நாட்களில் இடுப்புப் பட்டி கட்டத் தொடங்கியிருக்கிறார். எனக்கு ஒப்பரேசனைவிடக் கூடப் பயம் தந்தது அந்தக் கதவு நிலைதான். தன் உடம்பில் ஒரு விசயத்தை ஒரு நாளில் மணித்தியாலக் கணக்கில் நினைத்துக்கொண்டு, அளந்துகொண்டு, அதற்காக ஆட்களைத் தவிர்க்கிற நிலைக்குப் போனவர்களுக்கு ஒப்பரேசன் சரியாக நடந்தாலும் மனம் ஆறுவது அரிது, கவலை இன்னொரு இடத்துக்கு மாறி உட்கார்ந்துகொள்ளும். நல்ல மருத்துவர்கள் இந்த ஒப்பரேசனுக்கு முன் மனநல மருத்துவரிடம் அனுப்புவது அதனால்தான். இவருக்கு விலை சொன்ன இடத்தில் யாரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

இன்னொரு கதையும் வைத்திருந்தார், அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2009 இல் அவருக்குப் பதினொரு வயது முடிந்து பன்னிரண்டு. பங்கருக்குள் கஞ்சி, பிறகு செட்டிகுளம் முகாமில் பருப்பும் சோறும். "வளர்ற நேரத்தில வளரவிடேல்லை அண்ணை, அதைத்தான் இப்ப திருப்பி எடுக்கிறன்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? பிள்ளைகளுக்கு எதிர்பார்க்கும் உயரத்தைக் கணக்குப் பார்க்க ஒரு எளிய முறை இருக்கிறது, ஆண்பிள்ளை என்றால் தாய் தகப்பன் உயரங்களைக் கூட்டி அதோடு 13 சென்ரிமீற்றர் சேர்த்து இரண்டால் பிரிப்பது. தகப்பன் 163, தாய் 148. கணக்குப்படி 162 வருகிறது, எட்டு சென்ரிமீற்றர்போல் கூடலாம் குறையலாம். ஆள் 160. ஆக யுத்தம் இவருடைய உயரத்தில் கை வைக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன், மூன்று அங்குலத்தைப் பறித்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். கணக்கைப் பேப்பரில் போட்டுக் கொடுத்தேன், கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு மூடிவிட்ட வயதில் மாத்திரை, பவுடர், தொங்கல் பயிற்சி ஒன்றும் எலும்பை நீட்டாது என்பதையும் சேர்த்தே சொன்னேன், ஏனென்றால் அவற்றுக்கும் ஏற்கெனவே கணிசமான காசு போயிருந்தது.

சரி, ஒப்பரேசனுக்கு வருவோம். இது அழகுக்கென்று பிறந்த சிகிச்சை இல்லை. சைபீரியாவில் குர்கான் என்ற இடத்தில் கவ்ரீல் இலிசாரோவ் என்ற மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டு எலும்பு பொருந்தாமல் கிடந்தவர்களுக்காக 1950களில் இந்த றிங் முறையை வளர்த்தெடுத்தார். நெருக்கவேண்டிய திருகாணியை ஒரு நோயாளி மறுபக்கம் திருகிவிட, விலகிய இடைவெளியில் புது எலும்பு வளர்ந்திருந்ததைக் கண்டுதான் நீட்டலாம் என்ற யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். 1964 ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற வலேரி புருமெல் அடுத்த வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல ஒப்பரேசன்களுக்குப் பிறகு இலிசாரோவிடம் வந்துதான் தேறினார். வன்னியில் இந்த றிங்கை அறியாத ஆட்கள் குறைவு. ஷெல்லடியில் எலும்பு போனவர்களின் காலில் ஸ்போக் கம்பிகளோடு அதை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்.

இவருடைய தகப்பனுக்கே ஒரு கால் மற்றதைவிட மூன்றரை சென்ரிமீற்றர் கட்டை. பழைய காயம், கோணலாகப் பொருந்தியது. செருப்புக்கு அடியில் பழைய ரயர்த் துண்டை வெட்டி ஒட்டி நடக்கிறார். இந்தச் சிகிச்சை உண்மையில் கண்டுபிடிக்கப்பட்டது அவரைப்போன்ற ஆட்களுக்குத்தான். "ஐயா, உங்கட காலைப்பற்றி ஆராவது டொக்டரோட கதைச்சனீங்களோ?" என்று கேட்டேன். "இனி எனக்கென்னத்துக்குத் தம்பி, இவன்ர அலுவலைப் பாருங்கோ" என்றார். மகனுடைய திட்டம் அவருக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது, வயல் உறுதி கேட்டபோதே பிடிபட்டுவிட்டதாம். ஆள் எதிர்க்கவுமில்லை, சம்மதிக்கவுமில்லை.

வேலை நடக்கிற விதம்: எலும்பை வெட்டி ஒரு வாரம்போல் விடுவார்கள். பிறகு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர், அதையும் நான்காகப் பிரித்துக் கால் கால் மில்லிமீற்றராக, ஸ்பனரால் திருகவேண்டும். விலகுகிற இடைவெளியில் முதலில் மென்மையான இழையம், பிறகு எலும்பு. எலும்பு இந்த வேகத்துக்கு ஒத்துழைக்கும். தசையும் நரம்பும் அவ்வளவு நல்ல பிள்ளைகள் இல்லை. முழங்காலுக்குக் கீழே நீட்டினால் குதியைக் கெண்டைத் தசையோடு இணைக்கும் குதி நாண் இறுகிக் குதி நிலத்தில் படாமல் தூக்கும், பாதத்தை மேலே தூக்குகிற நரம்பு இழுபட்டால் விரல் தொங்கிவிடும். கம்பி தோலுக்குள் போகிற ஓட்டைகளில் சீழ் வைப்பது மிகச் சாதாரணம். எலும்பு நேரத்துக்கு முன் இறுகலாம், இறுகாமலே போகலாம், கோணலாகலாம், காலில் இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். நீட்டி முடிந்த பிறகும் புது எலும்பு காய்ந்து இறுக ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஒரு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் இழுக்கும், இவர் பிடிக்கிறவர்.

சீனாவில் சுகாதார அமைச்சு 2006 இல் அழகுக்காக இதைச் செய்வதைத் தடை செய்தது. மற்றப் பக்கம், முழுக்க எலும்புக்குள்ளேயே இருந்து வெளியிலிருந்து காந்தத்தால் நீளும் பிரிசைஸ் என்ற ஆணிக்கு அமெரிக்காவில் 2011 இல் அனுமதி கிடைத்தது. கம்பி ஓட்டை இல்லை, சீழ் குறைவு, விலைதான் எட்டாத விலை. அதே வரிசையில் வந்த ஸ்ட்ரைட் என்ற உருக்கு ஆணி, உடனேயே பாரம் போட்டு நடக்கலாம் என்பதால் பெயர் எடுத்து, ஆணியைச் சுற்றி எலும்பில் மாற்றங்கள் தெரிந்ததும் 2021 இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. இவர் போனில் சேமித்து வைத்திருந்த வீடியோக்களில், ஒப்பரேசன் முடிந்த கையோடு ஒருவர் நடந்து திரிகிறது அந்த ஆணியோடு. இவருக்குச் சொல்லப்பட்ட முறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

என்னை உண்மையில் நிமிர்ந்து இருக்கவைத்தது மருத்துவமனைக்காக வட்ஸ்அப்பில் கதைத்தவர் அனுப்பிய ஒரு வரி: "ஒரு மாதத்தில் ஊருக்குத் திரும்பலாம்." கணக்குப் போட்டோம். முதல் வாரம் திருகல் இல்லை. மிச்ச மூன்று வாரத்தில் அதிகம் போனால் 23 மில்லிமீற்றர். நீட்டவேண்டியது 75. ஆக இரண்டு காலிலும் றிங்கோடு பலாலிக்கு வந்திறங்கி, ஏ9 வழியாக வீட்டுக்கு வந்து, இன்னும் ஐம்பது நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு நாலு தரம் தானே தன் காலைத் திருகவேண்டும். விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுதான், ஆபத்தான இரண்டு மாதத்தை நோயாளியின் வீட்டுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

அந்த வீடு எப்படிப்பட்டது? கிணறும் கழிப்பறையும் வளவின் பின்பக்கம், குந்துகிற கழிப்பறை. குதி தூக்கினவரால் குந்த ஏலாது. பிரதான வீதியிலிருந்து உள்ளே கிரவல் ரோட்டு, புழுதிக் காலத்தில் கண் தெரியாது, மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் ஓட்டோ வராது. கம்பி ஓட்டை பதினாறோ இருபதோ, ஒவ்வொன்றையும் நாளாந்தம் துடைத்துத் துப்புரவாக வைத்திருக்கவேண்டியது அம்மா, அவவுக்கு இன்னும் முதுகு வருத்தம் என்ற கதைதான் தெரியும். கிழமைக்கோ இரண்டு கிழமைக்கோ ஒரு தரம் எக்ஸ்றே எடுத்துப் பார்க்கவேண்டும். படம் எடுக்கக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இடமுண்டு, அந்தப் படத்தைப் பார்த்து "நாளையிலிருந்து அரை மில்லிமீற்றராகக் குறை" அல்லது "நிறுத்து" என்று சொல்லவேண்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம். நாற்பதாவது நாள் இரவு பெருவிரல் மேலே தூக்க மறுக்கிறது என்று வையுங்கள். அது அந்த இரவே முடிவெடுக்கவேண்டிய விசயம். நம்முடைய அரச ஆஸ்பத்திரி டொக்டர்மார் கைவிடமாட்டார்கள், ஆனால் வேறொருவர் வேறு நாட்டில் பூட்டிய றிங்கை, ஒப்பரேசன் குறிப்புகூட இல்லாமல், நடு இரவில் பார்க்கச் சொல்வது அவர்களுக்கும் நியாயமில்லை, இவருக்கும் நல்லதில்லை.

இந்த ஒப்பரேசனைச் செய்யவே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. செய்துகொண்டவர்களில் கணிசமான பேர் திருப்தி என்றுதான் சொல்கிறார்கள், சிக்கல் வந்து தேறியவர்களும்கூட. எத்தனை அங்குலம், எவ்வளவு காசு, எந்த டொக்டர் என்று எல்லோரும் கேட்கிறார்கள், நாற்பதாவது நாள் அந்தக் காலை நேரில் பார்க்கப்போவது ஆர் என்று கேட்கிறவரைக் காண்பது அரிது. முடிவெடுக்க அந்த ஒரு கேள்வி போதும் என்பது என் அபிப்பிராயம். பெரிய நகரத்தில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்து, நாளாந்தப் பிசியோவோடு ஏழெட்டு மாதம் இருக்கக்கூடியவருக்கும் வன்னியில் ஒரு வயல்கரை வீட்டுக்குத் திரும்புகிறவருக்கும் இது ஒரே ஒப்பரேசன் இல்லை.

நானும் அவரும் சேர்ந்து சில கேள்விகளை எழுதி, வட்ஸ்அப்பில் கதைத்த அந்த மருத்துவமனை ஆளுக்கு அனுப்பினோம். 75 மில்லிமீற்றரை ஏன் ஒரே எலும்பில் நீட்டுகிறீர்கள், விரல் தொங்கினால் திரும்பி வரும் செலவு ஆருடையது, நீட்டி முடிந்ததும் றிங்கைக் கழற்றி ஆணியைப் பூட்டவும் ஒன்றிரண்டு வருடத்தில் ஆணியை எடுக்கவும் வேண்டிய ஒப்பரேசன்கள் அந்த விலைக்குள் அடக்கமா. பதிலாக வந்தது ஒரு பொடியன் கலியாண வீட்டில் ஆடுகிற வீடியோவும் முற்பணம் கட்டவேண்டிய வங்கிக் கணக்கு இலக்கமும்.

பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு எலும்பு டொக்டரிடம் போனோம். நிதானமான மனுசன், திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. காலை மடக்கிப் பார்த்து, குதி நாண் இப்போதே கொஞ்சம் இறுக்கம் என்றார். முழங்காலுக்குக் கீழே ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டினால் சிக்கல் கூடும் என்றும், தன் பிள்ளை என்றால் அதற்கு மேல் விடமாட்டேன் என்றும் சொன்னார். ஐந்து என்றால் 165, அதாவது 5 அடி 5. தரகர் சொன்ன 5 அடி 6 க்கு இன்னும் ஒரு அங்குலம் வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் கனநேரம் பேசாமல் வந்தவர், ஆனையிறவு தாண்டும்போது, "அப்ப பிறகும் சப்பாத்துப் போடத்தானே வேணும்" என்றார்.

கரப்பந்தைப்பற்றி அவர் யோசித்திருக்கவேயில்லை. அவருடைய அணியில் அவர் லிபரோ, பின்வரிசையில் நின்று எதிரணியின் அடிகளை எடுத்துக்கொடுக்கிற இடம். 1998 இல் சர்வதேசச் சட்டத்துக்குள் கொண்டுவந்த இந்த இடத்தில் கட்டையான ஆட்களுக்கும் வாழ்வுண்டு. பந்து நிலத்தில் படும் முன் ஒரு நொடிக்குள் முழங்காலைத் தாழ்த்தி உள்ளே போகவேண்டும், அதற்குக் கணுக்கால் நன்றாக மடங்கவேண்டும். நீட்டிய காலில் முதலில் போவது அந்த மடிப்புத்தான். ஒரு வருடம் விளையாட்டு இல்லை, அதற்குப் பிறகும் பழைய வேகம் வரும் என்று ஆரும் வாக்குத் தரமுடியாது. இதை நான் சொன்னதைவிட அவருடைய அணிக் கப்டன் சொன்னது ஏறியது: "டேய், உயரமான ஆள் எங்களுக்குப் பத்துப் பேர் இருக்கிறாங்கள்."

இப்போதைய நிலவரம். முற்பணம் கட்டவில்லை. வயல் உறுதி தகப்பனின் பெட்டிக்குள் இருக்கிறது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு முதலில் என் நெருக்குதலுக்காகப் போனவர், இப்போது தானாகவே போகிறார், என்ன கதைக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. கதவு நிலைக்குத் தகப்பன் பெயின்ற் அடித்துவிட்டார், அதற்காக வீட்டில் ஒரு சண்டையும் நடந்தது. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தா. குதி உயர்த்திய சப்பாத்து வேலைக்குப் போகும்போது இன்னும் காலில்தான்.

திட்டத்தை அவர் கைவிட்டுவிட்டார் என்று எழுதினால் பொய். தமையன் இரண்டு வருடத்துக்குள் வந்து கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறாராம், வயலைத் தொடாமல், உள்ளே இருக்கும் காந்த ஆணி, தொடை எலும்பில், ஐந்து சென்ரிமீற்றர், முடியும்வரை அந்த நகரத்திலேயே தங்குவது. முதல் திட்டத்தோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல், அப்படி நடந்தால் பயிற்சிக்கு நான் ஆயத்தம் என்றும் சொல்லியிருக்கிறேன். போன கிழமை ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: தொடையில் செய்தால், மணவறையில் சம்மணம் கொட்டி இருக்க எத்தனை மாதம் பிடிக்கும்? முழங்கால் முழுக்க மடங்கி, எக்ஸ்றேயில் எலும்பு நாலு பக்கமும் இறுகித் தெரியும்வரை முகூர்த்தம் வைக்கவேண்டாம், எட்டு ஒன்பது மாதத்துக்குக் குறைய நான் வாக்குத் தரமாட்டேன் என்று பதில் போட்டேன், சிகரெட்டை இப்போதே நிறுத்தச் சொல்லியும்.